லண்டனிலிருந்து பதின்மூன்று நாள்

கழுத்தில் வந்த ஒரு கறுப்புக் கொப்புளம் எங்கள் வீட்டையே கலக்கிவிட்டது.

என் அண்ணன் ஆம்பூர்த் தோல் மண்டி ஒன்றில் பச்சைத் தோல் சுமப்பவர். போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கழுத்து வீங்கி, நடுவில் கரியாய்க் கறுத்த புண்ணோடு நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுவது என் வேலை. அன்று கண்ணாடியில் இருந்தது அண்ணனின் புண்ணீர். குச்சி குச்சியாய்க் கிருமிகள். மாட்டுக்கு வரும் அடைப்பான் நோய்; பச்சைத் தோல் வழியாக மனிதரையும் தொற்றும். அறிக்கையை எழுதி முடித்தேன். எங்கள் டாக்டரம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இந்த விஷத்தை முறிக்கும் சீரம் ஊசி போட்டால் பிழைக்கலாம். இல்லாவிட்டால் ஐந்து நாள் தாங்குவதே பெரிது" என்றார் டாக்டரம்மா. அந்த மருந்து மதராஸிலும் பம்பாயிலும் இல்லை என்று தந்தி வந்தது. லண்டனில் இருந்தது. அனுப்பச் சொல்லித் தந்தி கொடுத்தோம்.

எதையும் வரிசையாக எழுதிப் பார்ப்பது என் பழக்கம். வாரம் ஒருமுறை, சனிக்கிழமைதான் விமானம்: அதுவரை நான்கு நாள். லண்டனிலிருந்து கராச்சி ஏறக்குறைய ஐயாயிரம் மைல், இரவில் பறக்காமல் இறங்கி இறங்கித்தான் வரும்: ஏழு நாள். கராச்சியிலிருந்து மதராஸ், பிறகு ரயில்: இரண்டு நாள். எப்படிக் கூட்டினாலும் பதின்மூன்று.

அண்ணனுக்குச் சிரிப்பு. "இன்னா தங்கச்சி, எனக்கு மருந்து ஏரோப்ளேன்ல வருதா? நான் இன்னும் பெங்களூருக்கே ரயில் ஏறல!" அந்தச் சிரிப்புக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம். என் கஷ்டத்தை அங்கே நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. படித்தவள் என்ற கர்வம். அன்று வேறு வழியில்லை. நாள் கணக்கு எழுதிய அந்தக் காகிதத்தை அப்படியே வாசித்தேன். "ஆண்டவரே, இந்தப் பதின்மூன்றை நீரே குறையும்" என்று அழுதேன்.

பின்வரிசையில் சாந்தம்மா எழுந்தாள். ராணிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, கணவனை இழந்து, தாய்வீடு திரும்பியவள்.

"அக்கா, அந்த மருந்து எங்க வீட்டுக்காரரு தோல் சுமந்த மண்டி சாயபு வீட்டு ஐஸ் பெட்டியில கீது. இதே புண்ணுக்குத்தான் ஐப்பசியில லண்டன்லேர்ந்து வரவழிச்சாரு. அது வந்து சேர்றதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு போய்ட்டாரு."

வியாழக்கிழமை முதல் ரயிலில் இருவரும் ராணிப்பேட்டைக்குப் போனோம். நாற்பது மைல்தான். சாயபு இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "தூக்கிப் போட மனசு வரலம்மா. அவனுக்கு லேட்டாப் போச்சு. நீ ஜல்தி போ." சாந்தம்மா அதை மடியில் வைத்துக்கொண்டாள். ஆம்பூர் வரை அதைப் பொத்திப் பிடித்தபடியே வந்தாள்.

மருந்து கெடவில்லை என்றார் டாக்டரம்மா. அன்று மாலையே ஊசி. சனிக்கிழமை, லண்டனில் விமானம் புறப்பட வேண்டிய அந்த நாளில், அண்ணன் கஞ்சி கேட்டார்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஐப்பசியில் சாந்தம்மாவும் ஜெபித்தாளே! ஒருநாள் அவளிடமே கேட்டேன். "எனக்கு வராதது உங்களுக்கு வந்துச்சேக்கா. அதுக்காச்சும் ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றாள்.

பதின்மூன்றாம் நாள் லண்டன் மருந்தும் வந்தது. அது எங்கள் ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில் இருக்கிறது, அடுத்துத் தோல் சுமக்கும் யாருக்காவது.

பாரத்தோடு மௌனமாய் உட்கார்ந்திருக்கும் சகோதரியே, தூரத்தைக் கணக்குப் போட்டுச் சோர்ந்து போகாதே. வாய் திறந்து சொல். ஆண்டவர் கேட்பார். பின்வரிசையில் இருப்பவளும் கேட்பாள்.