சித்தியைவிட நூறு அடி கூட

தொலைபேசி மணி அடித்ததும் எழுந்துவிடுவாள். பேசி முடிக்கும்வரை மேசையருகே வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடப்பாள். "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க சார். கடவாப் பல்லா? மேலயா, கீழயா?" என்று கேட்பதற்குள் சுருள் கம்பி இடுப்பில் இரண்டு சுற்று ஏறியிருக்கும். அடுத்த அழைப்புக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி அவிழ்த்துக்கொள்வாள்.

வயது இருபத்து நான்கு. பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். ஆறு மாதத்துக்கு முன்புவரை முதல் மாடிக்கே லிஃப்டுக்குக் காத்திருந்தவள்தான். அம்மா திட்டியும் அசையாத உடம்பை அசைத்தது சித்தி. காலடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்ட ஐம்பத்திரண்டு வயதுச் சித்தி, இவள் கையிலும் ஒன்றைக் கட்டிவிட்டாள். ஒருத்தி எண்ணிக்கை மற்றவள் போனில் தெரியும். முதல் நாள் சாயங்காலமே சித்தியிடமிருந்து செய்தி: "என்னடி, உயிரோடதான இருக்க?"

வந்துவிட்டது ரோஷம். கடிகாரத்தை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு பல் தேய்த்தால் அது அறுபது அடி ஏற்றுகிறது என்று கண்டுபிடித்தவள், நாளொன்றுக்கு நான்கு தடவை தேய்த்தாள். "பல்லு தேஞ்சு போச்சேம்மா, நம்ம ஆஸ்பத்திரிக்கே கெட்ட பேரு" என்று டாக்டர் சொன்னதும் அந்த வழி அடைபட்டது. மிச்சமிருந்தது நடை ஒன்றுதான். ஒருநாள் பாதி வழியில் கடிகாரத்தில் சார்ஜ் தீர்ந்துபோகவே, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட்டாள். "வண்டி எடுத்துட்டு வா. கணக்குல வராம எதுக்கு நடக்கணும்?"

போன வாரம் சித்தி குளியலறையில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். அவள் எண் நாளுக்கு நாற்பதோடு நின்றது. முதல் நாள் ஜெயித்த சந்தோஷத்தில் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் நாள் முந்நூறு அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் லிஃப்டில் ஏறினாள். கேலி பேச ஆளில்லாமல் கால் நகர மறுத்தது.

நான்காம் நாள் வேலை முடிந்ததும் நேராகச் சித்தி வீட்டுக்குப் போனாள். தலையணைமேல் காலை வைத்துப் படுத்திருந்த சித்தி, "ஒடம்பு விசாரிக்க வந்தியா, ஜெயிச்சதச் சொல்லிக் காட்ட வந்தியா?" என்றாள்.

"கைய நீட்டு சித்தி."

சித்தியின் கடிகாரத்தைக் கழற்றித் தன் வலக்கையில் கட்டினாள்.

"ரெண்டும் ஒரே கணக்கத்தானடி காட்டும்?"

"கைய வீசினாத்தான் எண்ணும்."

தன் கடிகாரம் இருந்த இடக்கையைச் சுடிதார்ப் பைக்குள் அழுத்திக்கொண்டு, சித்தியின் எண் தன்னுடையதைத் தாண்டும்வரை வலக்கையை மட்டும் வீசி வீசித் தெருவில் நடந்தாள்.