வீட்டுக்காரர் வண்டியில் ஆயில் லீக்

தன் பட்டறையில் பழுது பார்த்து முடித்த வண்டியின் அடியில் புது அட்டை ஒன்றை விரித்துப் போடுவாள். மறுநாள் காலையில் அதில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விழவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சாவி கொடுப்பாள். அதனால் அவளுக்கு அட்டை அக்கா என்று பெயர். யார் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாலும் அந்த ஒரு விஷயத்தில் மசிய மாட்டாள். "அவ்ளோ அவசரம்னா நடந்து போங்க" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவள் கை பட்ட வண்டி அதே பழுதோடு திரும்பி வந்ததில்லை என்று தெருவே சொல்லும். அவளும் சொல்லுவாள், யாரும் கேட்காமலே.

அப்படிப்பட்டவளின் மானத்தை வாங்க ஊரார் வண்டி எதுவும் வரவில்லை. கட்டின புருஷனின் வண்டியே வந்தது.

அவர் டாக்சி ஓட்டுகிறவர். காலையிலும் மாலையிலும் நான்கு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போய் வருவதுதான் அவருடைய நிலையான வேலை. முதல் தடவை அட்டை நனைந்தபோது அவள் அலட்டிக்கொள்ளவில்லை. எண்ணெய் மேலே கசிந்து கீழே வந்து சொட்டும் என்பது தெரிந்ததுதானே. இன்ஜின் மூடியைக் கழற்றி, அடியில் கசிவை அடைக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்துப் புதிது போட்டாள். சில நாள் ஓடியது. மறுபடியும் சொட்டியது. இந்தத் தடவை எண்ணெய் வடிக்கும் அடி போல்ட்டின் வாஷரை மாற்றினாள். மூன்றாவது தடவையும் சொட்டியபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நாலு பிள்ளைகளில் கடைக்குட்டியின் அம்மா வேறு போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை வண்டி நின்னா நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்க்கா."

அன்று பிள்ளைகளை அவரவர் வீட்டாரே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடச் சொல்லிவிட்டு, வண்டியைப் பட்டறைக் குழிமேல் ஏற்றினாள். இன்ஜினை மேலும் கீழும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை அள்ளித் தூவினாள்.

"இன்ஜினுக்கு மேக்கப்பா?" என்று வாசலில் நின்றிருந்த கணவர் கேட்டார்.

"ஆமா. உங்களுக்கு ஒரு நாளாவது போட்டு விட்டிருக்கேனா, அதான்."

வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, விளக்கோடு குழிக்குள் இறங்கினாள். எண்ணெய் கசிந்தால் வெள்ளைப் பவுடரில் தடம் தெரியும். மேலே தடம் இல்லை. பக்கவாட்டில் இல்லை. அடி போல்ட்டைச் சுற்றி மட்டும் பவுடர் கறுத்து ஊறியிருந்தது. வாஷரோ புத்தம் புதிது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த போல்ட்டை இறுக்கினாலும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை வெள்ளைப் பெயின்டில் ஒரே கோடாக இழுத்துவிடுவாள். போல்ட் அசைந்தால் கோடு உடைந்துவிடும். இந்தப் போல்ட்டில் கோடு உடைந்திருந்தது. தலையின் ஓரத்தில் ஸ்பேனர் வழுக்கி வழுக்கிப் போட்ட புதுக் கீறல்கள் வேறு. தானாகக் கழன்ற போல்ட்டுக்குக் கீறல் எங்கிருந்து வரும்? எவனோ வேண்டுமென்றே திருகியிருக்கிறான். அவளுக்கு ரத்தம் கொதித்தது. பள்ளிக்கூடச் சவாரிமேல் கண் வைத்திருந்த முக்கு டாக்சிக்காரனின் முகம் மனசில் வந்து நின்றது.

"இங்க இறங்கி வாங்க. யார் பார்த்த வேலைன்னு வந்து பாருங்க."

அவர் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினார். அவள் விளக்கைக் கிட்டே பிடித்தாள். "இந்தக் கோட்டைப் பாருங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். "ஏன், நேராத்தானே இருக்கு?"

கோடு உடைந்து விரற்கடை தூரம் விலகிக் கிடந்தது. குழந்தைகூடச் சொல்லிவிடும். அவள் விளக்கைக் கோடே போடாத வேறொரு போல்ட்டுக்கு நகர்த்தினாள்.

"இதுல?"

"இதுலயும் நேராத்தான் இருக்கு."

முக்கு டாக்சிக்காரன் எங்கோ மறைந்து போனான். அவளுடைய கோடுகளை இத்தனை வருஷமாகக் கூடவே இருந்து பார்த்தவர் திருகியிருந்தால் கோட்டைச் சேர்த்து வைத்திருப்பார். சேர்ந்ததா விலகியதா என்று பார்க்கக் கண் இல்லாதவராக இருந்தால்? ஸ்பேனரும் வழுக்கத்தானே செய்யும்?

"நீங்கதானா?"

அவர் குழியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரொம்ப நாளா மங்கலாத்தான் இருக்கு. பழகின ரோடு, ஓட்டிடலாம்னு இருந்தேன். அன்னைக்குப் பள்ளிக்கூடத்து கேட் முன்னாடி ஒரு பாப்பா நின்னுருக்கு. எனக்குத் தெரியவே இல்ல. அதோட அக்காதான் அதைக் கையைப் பிடிச்சு இழுத்துக் காப்பாத்துச்சு. அன்னைக்குத்தான் முதல்ல போல்ட்டைத் திருகினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"எனக்குக் கண்ணு தெரியலன்னு எப்படிச் சொல்றது? வண்டிக்கு முடியலன்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. அட்டை நனைஞ்சா நீ எப்படியும் வெளிய விட மாட்டே. அந்த தைரியம்தான்."

அவர் வண்டியை நிறுத்துவார். இவள் ராப்பகலாக மல்லுக்கட்டிச் சரிசெய்து சாவியைக் கையில் கொடுப்பாள். அவர் மறுபடி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்.

"நான் சரி பண்ணப் பண்ண, நீங்க ஓட்டிட்டுப் போனீங்களா?"

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பின் இருக்கையில் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்துக்கொண்டு கையாட்டிவிட்டுப் போகும் அந்த நாலு முகங்களும் ஒவ்வொன்றாக வந்தன.

மேலே போன் அடித்தது. ஏறிப் போய் எடுத்தாள். கடைக்குட்டியின் அம்மா.

"அக்கா, வண்டி ரெடியா? நாளைக்கு வந்துடுமா?"

அவள் மறுபடி குழிக்குள் இறங்கி, போனை அவர் கையில் வைத்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் அங்கேயே நின்றாள்.

அவர் போனைக் காதில் வைத்தார். "வண்டிக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியல. இனிமே நான் வரல."

அவள் கேட்கப் பயந்து விழுங்கியிருந்த கேள்வி போனிலிருந்து அவள் காதுக்கே கேட்டது.

"எத்தனை நாளா?"