எட்டாம் தறிக்காரிக்குத் தெரிந்தது

என் சித்தி மகளை எங்கள் வீட்டில் ஊசி என்றுதான் கூப்பிடுவோம். அவ்வளவு சுருக்கென்ற வாய். கட்டிக்கொண்டவர் காதிலும் அது விழுந்து, பேச்சு இருந்தவரை அவரும் அப்படியே கூப்பிட்டார்.

அவர் தறிக்கூடத்தில் மேஸ்திரி. தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. பஞ்சுத் தூசிக்காக வாயையும் துணியால் கட்டியிருப்பார்கள். அதனால் அங்கே பேச்சு முழுக்கக் கையில்தான். வீட்டுக்கு வந்தால் ஊசி பேசுவாள், அவர் தலையாட்டுவார். குடித்தனம் அப்படியே ஓடியது.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பொருள்களின் பெயர் வரவில்லை. கரண்டியை "அந்த அள்ளுறது" என்றார். கண்ணாடியைப் "பாக்குறது" என்றார். போகப் போக எல்லாமே "அது" ஆனது. என் தம்பிக்கு எப்போதும் கிண்டல்தான்.

"அவரு பங்கையும் சேத்து நீயே பேசித் தீத்துட்டே. பாவம், அவருக்கு மிச்சமில்ல."

டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூளையில பேச்சுக்கான இடம் சுருங்கிக்கிட்டே வருதும்மா. ஆளுங்களை அவர் மறக்கல. சொல்லுதான் கழண்டு விழுது. இன்னும் விழும்."

ஊசி விடவில்லை. வாய்க்கு வாய் பேசினால் திரும்பி வந்துவிடும் என்று காலையிலிருந்து அவர் எதிரே உட்கார்ந்து பேசினாள். அவர் கை துடிக்கும். இரண்டு விரலால் மணிக்கட்டைத் தேய்ப்பார், காதுமடலைப் பிடித்து இழுப்பார். நடுக்கம் என்று நினைத்து அந்தக் கையை மடியில் வைத்து அமுக்கிக்கொள்வாள்.

ஒருநாள் அவரைப் பார்க்க எட்டாம் தறிக்காரி வந்தாள். அவரோடு வேலை பார்த்தவள், புருஷன் இல்லாதவள். அவளைப் பற்றி ஊசி கேள்விப்பட்டதுண்டு, பார்த்ததில்லை. அவர் மணிக்கட்டைத் தேய்த்தார்.

"அக்கா, அவரு தண்ணி கேக்குறாரு."

ஊசி தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரே மூச்சில் குடித்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கையாலேயே பேசினார்கள். அவள் ஏதோ காட்ட, அவர் தோள் குலுங்கச் சிரித்தார். ஊசி காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவளுடைய விரல்களையே பார்த்தாள். நகம் தேய்ந்த, தடித்த விரல்கள். அவற்றை ஒடித்துப் போட வேண்டும்போல இருந்ததாம்.

"இத்தனை வருஷமா வடிச்சுக் கொட்டினவ நான். அவரோட தாகம் அவளுக்குத் தெரியுது" என்று அன்று மாலை என்னிடம் வந்து குமுறினாள். "இனிமே அவ வந்தா கதவைத் திறக்க மாட்டேன்." சொன்னபடியே செய்தாள்.

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடலை மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தார். ஊசி தண்ணீர் கொடுத்தாள், காதுக்கு மருந்து விட்டாள், போர்த்திவிட்டாள். ஒவ்வொன்றையும் செய்யும்போது பேசிக்கொண்டே செய்தாள். கடைசியில் அவர் அழுதுவிட்டார்.

மறுநாள் அவளே எட்டாம் தறிக்காரியின் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"உள்ள வாங்கக்கா."

"உக்காரவெல்லாம் வரல. அந்தக் கைப்பேச்சைச் சொல்லிக் குடு. கத்துக்கிட்டா நீ வரவேண்டிய அவசியமில்ல பாரு."

"சரி, கேளுங்க."

ஊசி காதைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். மற்றவள் கொஞ்சம் தயங்கினாள்.

"மோட்டாரை நிறுத்துன்னு அர்த்தம். சத்தம் தாங்கலன்னா அப்படித்தான் காட்டுவோம்."

"வீட்டுல ஏது மோட்டாரு?"

அவள் ஊசியின் வாயையே பார்த்தாள். ஊசிக்கு முகம் சுண்டிவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் எதிரே அவள் வாயைத் திறப்பதில்லை. எங்களுக்கே நம்ப முடியவில்லை. எட்டாம் தறிக்காரி வாரம் ஒருமுறை வந்து சொல்லிக்கொடுத்தாள். ஊசி அவர்கள் இருவருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொள்வாள், அவர் யாரைப் பார்த்துக் கை காட்டுகிறார் என்று கணக்கு வைத்துக்கொள்வாள். தான் தப்பாகக் காட்டும்போது அவர் விரலைப் பிடித்துத் திருத்தினால் மட்டும் முகம் மலரும்.

ஒரு தடவை நானும் இருந்தேன். ஊசி அடுப்படியில் இருந்தாள். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிவைத்து, காற்றில் மேலே இழுத்தார். துணி தைக்கிற மாதிரி. திரும்பத் திரும்ப இழுத்தார்.

எட்டாம் தறிக்காரி விழித்தாள். "இது எங்க கூடத்துல கிடையாதே. அக்கா, இங்க வந்து பாருங்க, என்னமோ புதுசா காட்டுறாரு."

ஊசி வந்து பார்த்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். அவர் கையை இறக்கிவிட்டார்.

"என்னக்கா அது? என்ன கேட்டாரு?"

"அது உனக்குத் தெரிய வேணாம்" என்றாள் ஊசி.