தூவானி என்று கூப்பிட ஒரு ஆள்

வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவளைத் தேடி வாசகர் நேரில் வந்தால் நல்லதுக்கு என்று நினைக்க முடியாது. பாதிப் பேர் சண்டைக்குத்தான் வருவார்கள். அன்று எங்கள் மயிலாப்பூர் ஆபீசுக்கு வந்தவர் சைதாப்பேட்டை ஆட்டோ டிரைவர். பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். என் தொடரை வாரம் தவறாமல் படிக்கிற அவர் மனைவி, கதாநாயகியின் பெயரைத்தான் குழந்தைக்கு வைப்பேன் என்கிறாராம். தூவானி. எந்த வீட்டிலும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்று நானே உண்டாக்கியது. இதெல்லாம் ஒரு பேரா என்று டிரைவரின் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம்.

"பேரு புதுசா கீது, அது பரவால்ல மேடம். கடைசில அந்தப் பொண்ணு நல்லா இருக்குமா? அத்த மட்டும் சொல்லிடுங்க."

முடிவை வெளியில் சொல்லக் கூடாது என்பது ஆபீஸ் கட்டுப்பாடு. எடிட்டர் தன் மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார். கடைசி அத்தியாயத்துக்கு அப்போதுதான் புரூஃப் பார்த்து முடித்திருந்தேன். தூவானி கல்யாணம் செய்துகொள்ளாமல், திருவான்மியூரில் தனி வீடு எடுத்து, வேலைக்குப் போய் நிம்மதியாக இருப்பாள். எனக்கு அதில் பெருமைதான். அடையாறில் ஒற்றை அறையில் நானும் அப்படித்தானே இருந்தேன். நன்றாக இருப்பாள், ஆனாலும் முடிவைப் படித்துவிட்டு வையுங்கள் என்றேன். அதுவரை பாப்பா என்றே கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு எனக்கு அந்தக் குழந்தை நினைப்புதான். பஸ் சைதாப்பேட்டையைத் தாண்டும்போதெல்லாம், இங்கே ஒரு தூவானி ரெட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போவாள் என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் ஆளில்லை.

முடிவு வெளியான வாரம் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சுமதி என்று வைத்துவிட்டார்கள்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். அது தனியா இருக்கறத பத்தி வீட்ல ஒண்ணும் சொல்லல. கடைசி வாரம் பூரா அந்தப் பொண்ண ஒருத்தர்கூட பேர் சொல்லிக் கூப்பிடலியாம். கூப்பிட ஆளில்லாத பேரு நம்ம கொழந்தைக்கு எதுக்குன்னு அழுவுது."

அவர் போனதும் அந்த இதழை எடுத்துப் படித்தேன். உண்மைதான். அவளை மேனேஜர் 'மிஸ்' என்கிறார். வீட்டுக்காரர் 'மாடி போர்ஷன்' என்கிறார். மற்றபடி பெயர் முழுக்க என் வர்ணனையில்தான் இருந்தது.

சாயங்காலம் அறைக்குப் போய் மைசூர்பாகைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். ஆபீசில் நான் மேடம், பால்காரருக்கு அம்மா. என் பெயரைச் சொல்லி என்னைக் கடைசியாக யார் கூப்பிட்டார்கள் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அழுகை வந்தது.

எழுத வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எவ்வளவு புதிய பெயரானாலும் வையுங்கள், அதைக் கூப்பிட ஒரு ஆளையும் கதைக்குள் வைத்துவிடுங்கள். அன்று என் அறையில் ஒரு தடவை, "தூவானி" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். பெயர் நன்றாகத்தான் இருந்தது.