பட்டிக்காரர் கீழ் வீட்டைத் தயார் செய்கிறார்

எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு, காலியான கூடத்தின் நடுவில் நின்று, கண்ணை மூடி மூன்று முறை மூச்சை இழுக்கிறார். குடியிருந்தவர்கள் போன மறுநாள் அவர் செய்யும் முதல் வேலை இது. பட்டி பூசும் தகடும் பிரஷ்ஷும் அப்புறம்தான். "செவுத்துக்கு முன்னாடி மூக்கு வேல செய்யணும் சார். ஆளு போயிடுவாங்க, வாடை போகாது. புதுசா வர்றவங்க மொத நாளே யாரோ வீட்டுக்கு விருந்தாளியா வந்த மாதிரி முழிப்பாங்க."

சுவர் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, அடைத்த இடமே தெரியாமல் செய்வதில் கெட்டிக்காரர் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் பட்டிக்காரர். வயது அறுபத்து மூன்று. எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகள், பின்தெருவில் இரண்டு; எட்டும் ஒரே உரிமையாளருடையவை. நான் முதல் மாடிக்கு வந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் இந்தக் கட்டடத்தில் மட்டும் பத்தொன்பது குடும்பங்கள் காலி செய்திருக்கின்றன. பத்தொன்பது முறையும் அடுத்தவர்களுக்கு வீட்டைத் தயார் செய்தவர் இவர்.

ஆணி ஓட்டைகளை எண்ணிக்கொண்டே அடைப்பார். "எதிரும் புதிருமா ரெண்டு ஆணின்னா துணி காயப்போட்ட கயிறு. தலைக்கு மேல ஒத்த ஆணி கடிகாரம். முழங்கால் ஒசரத்துல ஆணி இருந்தா வீட்ல வேலவெட்டி இல்லாத ஆம்பள ஒருத்தன் இருந்திருக்கான்." கட்டில் கிடந்த பக்கத்துச் சுவரில், தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய் ஏறிய வட்டம் ஒன்று இருக்கும். அதன் மேல் நேராகப் பெயிண்ட் அடித்தால் பத்தே நாளில் மறுபடி எட்டிப் பார்க்கும். சோப்புத் தண்ணீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி, அதற்குப் பிறகே நிறம். "மனுஷன் போனாலும் மண்ட போகாது சார்" என்பார்.

கடைசியில் வெறுந்தரையில் மல்லாந்து படுப்பார். வரப்போகிறவர்கள் பார்க்கும் கூரையைத் தானும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் அவருக்கு. ஒருமுறை அப்படியே தூங்கிவிட, சாவி வாங்க வந்த புதுக் குடித்தனக்கார அம்மாள் அலறிவிட்டாள். "பயப்படாதம்மா, நான் வீட்டோட சேர்ந்தவன் இல்ல" என்று எழுந்து உட்கார்ந்தாராம்.

போன மாதம் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, என் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேடை மேல் வைத்துப் பேசினார். மறுமுனையில் உரிமையாளரின் மகன். பெரியவர் தவறிய பிறகு எல்லாம் அவர் பொறுப்பு.

"அண்ணே, கீழ் வீட்ட ரெடி பண்ணணும். ஒண்ணாம் தேதி ஆளு வர்றாங்க."

"பண்ணிடலாம் தம்பி. இப்ப இருக்கறவங்க எப்ப காலி பண்றாங்க?"

இத்தனை வருடங்களாக அவர் முதலில் கேட்கும் கேள்வி அது. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அண்ணே... நான் சொல்றது நீங்க இருக்கற வீடு. என் மாமியாருக்கு இடுப்புல ஆபரேஷன். படி ஏற முடியாது. தரையோட இருக்கறது அது ஒண்ணுதான். நேர்ல வந்து சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அதுக்கென்ன தம்பி. முடியாதவங்க கீழதான் இருக்கணும்."

வாஷரைப் போட்டு முடுக்கினார். குழாயை மூன்று முறை திறந்து மூடினார். "ஒழுகல பாருங்க சார்" என்றார். பிறகு, "அவளுக்கு எப்படிச் சொல்றது?" என்றார்.

அவர் மனைவிக்குப் பதினோரு வருடமாகக் கண் தெரியாது. ஆனால் அந்த வீட்டுக்குள் அந்த அம்மாளைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பமாட்டார்கள். அடுப்பு மூட்டுவார், பால் பொங்குமுன் இறக்குவார், வருகிறவருக்கு நாற்காலியை இழுத்துப் போடுவார். "அவ கண்ணு இந்த வீட்லதான் சார் இருக்கு. தூக்கிட்டு வேற எங்க போறது?"

கிடைத்தது இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும். முப்பத்தொரு படிகள், நடுவில் ஒரு திருப்பம். இருபதாம் தேதி சாமான்கள் போயின. மூன்றாம் நாள் ஜன்னல் கதவில் மோதி, அம்மாளின் நெற்றியில் இரண்டு தையல். அதற்கப்புறம் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. பட்டிக்காரர் கையைப் பிடித்தால்தான் குளியலறை. நான் பார்க்கப் போனபோது, "எனக்கென்ன சார், மகாராணி மாதிரி உக்காத்தி வெச்சிருக்காரு" என்று அம்மாள் சிரித்தார். அவர் மாடிப்படிவரை என்னோடு வந்து, "ஒரு மாசத்துல பழகிடுவா இல்ல?" என்று கேட்டார்.

தனியே விட்டுவரப் பயந்து, கீழ் வீட்டு வேலைக்கு வரும்போது அம்மாளையும் கூட்டி வந்தார். இருபத்தைந்தாம் தேதியிலிருந்து ஐந்து நாள், காலி வீட்டின் நடுவில் ஒரு ஸ்டூலில் அம்மாள். சுற்றிச் சுற்றி அவர். மற்ற வீடுகளில் செய்வதை எதையும் குறைக்கவில்லை. கண்ணை மூடி வாடை பார்த்தாரா என்று மட்டும் நான் கேட்கவில்லை.

கட்டில் இருந்த மூலையிலிருந்து கூடத்தின் வழியாகக் குளியலறைவரை, இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, நாலு விரல் அகலத்தில் ஒரு பழுப்புப் பட்டை ஓடியது. பதினோரு வருடம் அம்மாளின் வலது கை போன தடம். சோப்பு போட்டுக் கழுவவே அவருக்கு ஒன்றரை நாள் பிடித்தது. "என்னத்தப் போட்டு இப்படித் தேய்க்கிறீங்க, செவுரு தேஞ்சிடப் போவுது" என்றார் அம்மாள். "கறைடி." "என்ன கறை?" "சும்மா, பழைய கறை."

இருபத்தொன்பதாம் தேதி காலை பத்தரைக்கு நான் இரண்டு தேநீர் கொண்டுபோனேன். கூடத்துச் சுவரில் கடைசிப் பூச்சு அப்போதுதான் முடிந்து பளபளத்தது. அவர் சமையலறையில் ஏணி மேல் இருந்தார். "எந்திரிக்காதடி, எல்லாம் ஈரம்" என்ற அவர் குரல் மட்டும் வந்தது.

அம்மாள் எழுந்துவிட்டிருந்தார். இரண்டடி வைத்ததும் வலது கை சுவரைக் கண்டுகொண்டது. பிறகு நிற்கவே இல்லை. தயக்கமில்லாமல், யாரையும் கூப்பிடாமல், பதினான்கே எட்டில் குளியலறை வாசலுக்குப் போய், தாழ்ப்பாளைச் சரியாகத் தொட்டார். ஒன்பது நாளாக அப்படி நடந்து நான் பார்க்கவில்லை. பின்னால், புது வெள்ளையின் குறுக்கே நாலு விரல் கோடு.

பட்டிக்காரர் ஏணியிலிருந்து இறங்கி வந்து சுவரைப் பார்த்தார்.

"ஏங்க, நான் சரியாத்தான வந்தேன்?"

"சரியாத்தான் வந்த."

சேலையில் படாமல் இருக்க, பெயிண்ட் வழிந்த அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து, தன் இடது கையால் உயரத் தூக்கி வைத்துக்கொண்டார். வலது கையால் ரோலரை எடுத்தார். அம்மாளைப் பக்கத்தில் மெல்ல நடத்திக்கொண்டே, குளியலறை வாசலிலிருந்து கோடு தொடங்கிய இடம்வரை அதன் மேல் ஒரே சீராக உருட்டிக்கொண்டு போனார்.