எங்கள் ஓடும் வீட்டுக்கு நானே பூட்டிய தண்ணீர்ப் பம்ப்

பம்ப் மாற்றியாச்சு மக்களே! மாற்றியது நான்!

(கையில் இருக்கிற கீறல்களைப் படமெடுத்துப் போடலாம் என்றுதான் நினைத்தேன். அம்மா பார்த்தால் அழுவார். வேண்டாம்.)

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களிடம் ஒரு பழைய சின்ன பஸ் இருக்கிறது. சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், குசினி, குளியலறை எல்லாம் வைத்து மோட்டார் ஹோமாக மாற்றிக்கொண்டோம். பின்பக்கம் சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சரிவுப் பலகை.

அந்த நாற்காலி என் கணவர் சுதனுடையது. மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. எந்த விடுதிக்குப் போனாலும் குளியலறை வாசலுக்குள் நாற்காலி நுழையாது. ஆகவே, வீட்டையே கூட்டிக்கொண்டு போவோம் என்று முடிவெடுத்தோம்.

எல்லாம் சரி, தண்ணீர்தான் சரியில்லை!

தொட்டியிலிருந்து ஷவருக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்ப் மிகவும் சின்னது. குசினியில் கோப்பை கழுவப் போதும். ஷவரைத் திறந்தால் இருமும், விக்கும், பிறகு நூல் போல ஒழுகும்.

போன முறை இரண்டு குடும்பங்களாக வெளிக்கிட்டபோது, குளித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நின்றுவிட்டது. சுதனின் முகம் முழுக்கச் சவர்க்காரம். நான் வாளியோடு உள்ளே ஓடினேன். வெளியே நின்ற நண்பர்கள் ஒன்றும் கேட்காதவர்கள் போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வரும் வழியில் அவர் சொன்னார்:

"பஸ்ஸை வித்துப்போடுவம் வாசுகி. குளிக்கிறதுக்கும் ஒராள் பக்கத்தில நிக்கோணும் எண்டால், அதை வீட்டிலயே செய்யலாம்தானே."

லிங்கநகர் வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும் அந்தப் பம்பைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கிழமையே டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரிடமும் கிணற்றுக்குப் போடுகிற பம்ப்தான். எனக்குத் தேவை பற்றரியில் ஓடுகிறது. கடைசியில் படகுச் சாமான் விற்கிற கடையொன்றில் கிடைத்தது. படகுத் தளம் கழுவுவதற்குப் பூட்டுகிற வகை!

கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணர், 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்டார்: "எந்த போட்டுக்குத் தங்கச்சி?"

"போட்டுக்கில்லை நானா, வீட்டுக்கு."

"ஏன், வீட்டில கரண்ட் இல்லையா?"

"கரண்ட் இருக்கு. ஆனா வீடு ஓடும்."

(நானா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறு கேள்வி கேட்காமல் பெட்டியை எடுத்துத் தந்தார்.)

பழைய பம்ப் கட்டிலுக்குக் கீழே, ஒரு மூலையில் இருந்தது. சுதனுக்கு அங்கே குனிய ஏலாது. நான் முதுகில் படுத்துக்கொண்டு, டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போனேன். (பாடசாலையில் நான் படிப்பிப்பது சங்கீதம். வயரிங் இல்லை!) நாலைந்து வீடியோ பார்த்திருந்தேன். பழையதைக் கழற்றி, புதியதைப் பூட்டி, உறிஞ்சுகிற பக்கத்துக்குப் பெரிய ஹோஸ் ஒன்றும் போட்டேன்.

சுவிட்ச்சைப் போட்டேன். ஆகா! ஷவரிலிருந்து மழை!

கொஞ்ச நேரம்தான். டப்பென்று நின்றது. பியூஸ் போய்விட்டது.

என் மச்சினன், அதாவது சுதனின் தம்பி கஜன், வாசலில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னான்:

"அண்ணி, பெரிய பியூஸ் ஒண்டைப் போடுங்கோ. வேலை முடிஞ்சுது."

எனக்கும் அப்படிச் செய்துவிட ஆசைதான். முதுகு வலி வேறு. ஆனாலும் வயரைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது! நன்றாகவே சுட்டது.

"கஜன், புதுப் பம்ப் பழசை விடக் கூடக் கரண்ட் இழுக்குது. இந்த வயர் மெல்லிசு. பெரிய பியூஸ் போட்டா பியூஸ் எரியாது, வயர்தான் எரியும். அதுக்கு மேலதான் உங்கட அண்ணா படுக்கிறவர்."

கஜன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அப்ப என்ன செய்யிறது அண்ணி?"

"பற்றரியில இருந்து இஞ்ச வரைக்கும் தடிச்ச வயர் இழுக்கோணும். கதையை விட்டிட்டு அந்தப் பக்கத்தால பிடியுங்கோ."

பிடித்தான். பாவம், நன்றாகவே பிடித்தான். நான் பழைய வயரை உருவி, தடித்ததை இழுத்து, அதற்கும் பம்புக்கும் பொருத்தமான பியூஸ் போட்டேன். பிறகு நீண்ட நேரம் ஓடவிட்டு, திரும்பத் திரும்ப வயரைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. பியூஸும் போகவில்லை.

சுதன் எல்லாவற்றையும் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தானாகவே கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை குச்சவெளிப் பக்கம் போவமே?"

போனோம். இன்று காலை கடற்கரையோரம் பஸ்ஸை நிறுத்தினோம். அவர் துவாயை மடியில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். கதவை உள்ளே இருந்து பூட்டுகிற சத்தம் கேட்டது.

நான் வெளியே கல்லொன்றில் உட்கார்ந்தேன். பம்ப் ஒரே சீராக ஓடியது. எழுந்து போக வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், என்ன செய்வதென்றே தெரியவில்லை!

நெடுநேரம் போனது. திடீரென்று பம்பின் சத்தம் மாறியது. வெறுமனே உறுமியது. ஓடிப்போய்ச் சுவிட்ச்சை நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"என்னப்பா, தண்ணி நிண்டிட்டுதோ? சவர்க்காரம் கிடக்கோ?"

"சவர்க்காரம் எப்பவோ போயிட்டுது. சும்மா தண்ணிக்குக் கீழ இருந்தனான். எவ்வளவு நாளாச்சு, அப்பிடி இருந்து!"

தொட்டியைத் திறந்து பார்த்தேன். பம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனுசன் முழுத் தண்ணீரையும் முடித்துவிட்டார்!

உள்ளே இருந்து ஒரு குரல்: "வாசுகி, இன்னும் பெரிய தொட்டி ஒண்டு வைப்பமே?"

நண்பர்களே, குச்சவெளிப் பக்கம் தொட்டி நிரப்ப நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பம்ப் பூட்டினவள் இன்னும் குளிக்கவில்லை!