கம்பளிக் கரடி

ஆவடி குவார்ட்டர்ஸ் கோயிலில் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நாடகம். ஆட்டுக்குட்டியாக நின்ற ஐந்து வயது ஹில்டா, கூட்டத்தைப் பார்த்த பயத்தில் மேடையிலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். யாரும் கவனிப்பதற்குள், இன்னும் முறை வராத கரடி உள்ளே புகுந்தது. தன் கறுப்புக் கம்பளியால் தரையை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தது. பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போயே விட்டது. கரடியை விரட்ட வேண்டிய மேய்ப்பன் சத்தியராஜ், கையில் கம்போடு திருதிருவென்று விழித்தான்.

"இன்னாண்ணே, ஆட்டை கவ்வினு போவேன்னு பாத்தா உப்புமூட்டை தூக்கினு போறே?" என்று பிறகு சண்டைக்கு வந்தான்.

"இது தாய்க்கரடிடா. அது அப்பிடித்தான் தூக்கும்."

கம்பளியைக் கரடி வேஷக்காரரே குழாயடியில் அலசிக் காயப்போட்டதை ஹில்டாவின் அம்மா ஜெயசீலி மட்டும் பார்த்தாள். அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கரடி வேஷம் போட்டவர் கிறிஸ்துராஜ். டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர். பிறந்தது ஜவ்வாது மலையில். சின்ன வயதில் மாடு மேய்க்கப் போய், பாறைமேல் உட்கார்ந்து கரடிகளைப் பார்த்தே வளர்ந்தவர். அதனால் அவருடைய கரடி இரண்டு காலில் நின்று உறுமாது. மார்பில் பஞ்சால் வெள்ளைப் பிறை ஒட்டிக்கொண்டு, நாலு காலில் மோந்து மோந்து வரும்.

அடுத்த வருஷம் ஹில்டா நாடகமே வேண்டாம் என்றாள். பள்ளிக்கூடத்திலும் வாய் திறப்பதில்லை. யாராவது பேர் கேட்டால் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொள்வாள். பிள்ளை இப்படியே ஒடுங்கிப் போய்விடுவாளோ என்று ஜெயசீலி மாதாவிடம் அழாத நாளில்லை.

கிறிஸ்துராஜ் வீடு தேடி வந்தார். "பாப்பா, ஆடு வாணாம். என் குட்டியா வர்றியா?"

"குட்டி இன்னா பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. இந்த மாதிரி குளிர்லதான் குகையில பொறக்கும். கண்ணுகூட தெறக்காது. அம்மாக்காரி கூடவே படுத்துக் கெடப்பா. அப்பால முடியைப் புடிச்சினு முதுகுல ஏறி காடெல்லாம் சுத்தும்."

"அம்மா இன்னா துன்னும்?"

"எலந்தப்பழம், தேனு. அப்புறம் புத்தை ஒடைச்சு, மூக்கை உள்ள வுட்டு, கறையானை உர்ர்ர்னு உறிஞ்சும். சத்தியராஜ் மாமா ஸ்கூட்டர் காலையில ஸ்டார்ட் ஆவாம இழுக்குமே, அந்தச் சத்தம்!"

ஹில்டா களுக்கென்று சிரித்தாள். "கரடிக்கு என்னிய அடையாளம் தெரியுமா?"

"கண்ணு மங்கல். மூக்குதான் கில்லாடி."

அந்தக் கிறிஸ்துமசுக்கும் அதற்கடுத்ததற்கும் ஹில்டா அவர் முதுகில் முகத்தைப் புதைத்தபடியே மேடையைச் சுற்றி வந்தாள். மூன்றாம் வருஷம் கரடி நடுமேடையில் அவளை இறக்கிவிட்டது. அவள் ஏறப் பார்த்தாள், உதறியது. மறுபடி ஏறினாள், மறுபடி உதறியது. கீழே ஜெயசீலி ஜெபமாலையைப் பிடித்தபடி எழுந்தே நின்றுவிட்டாள்.

"யோவ் கரடி, ஏத்திக்கோய்யா!" என்று கத்தினாள் ஹில்டா. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"குட்டி வளந்துட்டா அம்மா துரத்தி வுட்ரும். போ, உன் புத்தை நீயே தேடிக்கோ," என்றது கரடி.

ஹில்டா இடுப்பில் கைவைத்துக் கூட்டத்தை ஒரு முறை முறைத்தாள். பிறகு மேய்ப்பன் பக்கம் திரும்பி, "தோ கீது புத்து!" என்று உறிஞ்சிக்கொண்டே பாய்ந்தாள். சத்தியராஜ் கம்பைப் போட்டுவிட்டு ஓடினான். ஜெயசீலி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதன்பிறகு அந்தப் பிள்ளையின் வாயை யாராலும் மூட முடியவில்லை. கோயிலில் வாசகம் வாசிப்பதும் அவள்தான்.

தொண்ணூற்று நாலில் கிறிஸ்துராஜ் ரிட்டயர் ஆனார். சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு மலைக்கே கிளம்பினார். வழியனுப்ப வந்த ஜெயசீலி, அத்தனை வருஷமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள். "அண்ணே, மொத நாடகத்துல அந்தக் கம்பளியை நீங்க அலசினதை நான் பாத்தேன்."

கிறிஸ்துராஜ் வேனில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"கரடிக்குக் கண்ணு மங்கல் தங்கச்சி. மூக்கும் அன்னிக்குப் பாத்து ஜலதோசம்."